நான்கு விரல் வெளியே

காலை எட்டேகாலுக்கு நான் அரிசி டப்பாவைத் திறக்கும் சத்தம் கேட்டால் போதும், உள் அறைக் கட்டிலிலிருந்து குரல் வரும்.

"லாபம் சொல்லி அள்ளும்மா."

முதல் உழக்கை 'ஒன்று' என்று எண்ணக் கூடாது. 'லாபம்' என்றுதான் சொல்ல வேண்டும். அதற்கப்புறம் இரண்டு, மூன்று என்று போகலாம். இந்த வீட்டு நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் நான் வாயைத் திறக்காமல் அள்ளிப் போட்டேன். சிலுவைமுத்து அன்று மதியம் தட்டை ஒதுக்கி வைத்துவிட்டார். "எண்ணாத அரிசி எறங்காது" என்றார். சர்க்கரை மாத்திரை போட்டவர் சாப்பிடாமல் இருந்தால் சாயங்காலம் தலைசுற்றி விழுவார், தூக்க வேண்டியது நான். மறுநாளிலிருந்து லாபம் சொல்ல ஆரம்பித்தேன். இப்போது என் வீட்டிலும் அப்படித்தான் வருகிறது.

அவருக்கு எண்பது வயது. திண்டுக்கல் நாகல் நகரில் மகன் ஆண்டனிராஜின் வீட்டில் இருக்கிறார். மகனும் மருமகளும் எட்டு மணிக்கு வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். மாலை ஆறு வரை வீட்டில் நாங்கள் இருவர்தான். பதினோரு மாதத்துக்கு முன்பு வந்த பக்கவாதத்தில் வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. கால் ஊன்றுகோலோடு நடக்கிற அளவுக்குத் தேறிவிட்டது. பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. கை மட்டும் பாக்கி. அந்தக் கையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

வேலைக்கு வந்த முதல் நாள் தலையணை உறையை மாற்றும்போது அடியில் ஒரு குத்தூசி கிடைத்தது. ஒரு சாண் நீளம், நடுவில் வாய்க்கால் போலக் குழிவு, முனை கூர்மை. சாக்கை அவிழ்க்காமலே இதைக் குத்தி இழுத்தால் உள்ளே இருக்கும் தானியம் குழிவு வழியே உள்ளங்கைக்கு வந்துவிடும். நோயாளியின் தலைமாட்டில் கூரான இரும்பு இருக்கக் கூடாது என்று எடுத்து வைத்தேன். அவர் இரண்டு நாள் பேசவில்லை. கடைசியில், முனையில் தக்கையைச் செருகி மேசை இழுப்பறையில் வைப்பதென்று முடிவானது. மாதா மாதம் ஆண்டனிராஜ் இருபத்தைந்து கிலோ அரிசிப் பை வாங்கி வரும் நாளில் மட்டும் தக்கை கழலும். இடது கையால் பையைக் குத்துவார். நான்கு மணியை எடுத்து, இரண்டை மெல்லுவார், இரண்டை வெளிச்சத்தில் பிடிப்பார்.

"மேல ஒரு ரகம், அடியில ஒரு ரகம். போட்டவன் கெட்டிக்காரன்."

"மாமா, பை பூரா ஓட்டை, எறும்பு வருது" என்று மருமகள் கத்துவார். "எறும்பு வந்தா நல்ல அரிசின்னு அர்த்தம்த்தா" என்பார்.

கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருப்பார். அடுப்படியில் நான் எவர்சில்வர் தட்டில் எதையாவது கொட்டுவேன். "அது பாசிப்பயறு. போன மாசத்துது." சரியாக இருக்கும். சோதித்துப் பார்க்கலாம் என்று ஒருநாள் கொள்ளையும் துவரையையும் கலந்து கொட்டினேன். கண்ணைத் திறந்து பார்த்தார். "ஏம்மா, ஒனக்கு வேற வேலை இல்லையா?" என்றார்.

திண்டுக்கல் தானியப் பேட்டையில் அவர் அளவுக்காரர். விவசாயி கொண்டுவரும் மூட்டையை மண்டிக்கு அளந்து வாங்குவதும், மண்டியிலிருந்து ஜனங்களுக்கு அளந்து போடுவதும்தான் வேலை. பதினைந்து வயதில் படியைக் கையில் எடுத்தவர், மின்தராசு வந்த பிறகும் மூட்டை எண்ணிக்கொண்டு அங்கேயே இருந்தார். பேட்டை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடையும், பெண்கள் தையலகமும், இரு சக்கர வாகனம் நிறுத்தும் இடமும் இருக்கின்றன. ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் ஆட்டோக்காரர் உடையப்பனிடம் "அந்தப் பக்கமா விடுப்பா" என்பார். உடையப்பன் பக்கத்து எரியோடு ஊர்க்காரர், பொறுமைசாலி. சுற்றிக்கொண்டு போவார். வண்டி நிறுத்தத்தின் வாசலில் ஆட்டோ ஒரு நிமிடம் நிற்கும். சிலுவைமுத்து எட்டிப் பார்ப்பார். அங்கே வெறும் சைக்கிளும் ஸ்கூட்டரும்தான் எனக்குத் தெரியும். அவருக்கு வேறு தெரியும்.

"எரியோட்டு வண்டின்னா சக்கரத்துல செம்மண்ணு. வத்தலக்குண்டுப் பக்கம், சேவுகம்பட்டி வண்டின்னா களிமண்ணு ஒட்டியிருக்கும், நெல்லு வயலுல்ல. சத்தத்துலயே ஊரு தெரியும். விடியக்காலம் வரிசை கட்டி நிக்கும். மாட்டுக்குப் போட்ட வைக்கோலு, சாக்கு வாசம், டீக்கடைப் பாலு பொங்குற வாசம், எல்லாம் சேந்து ஒரு வாசம் வரும் பாரு. சோளம் வர்ற மாசம் இமை முடியெல்லாம் பொடி. செபாஸ்தியம்மா என்னையத் திருநூறு பூசுன சாமியாருன்னு கேலி பண்ணுவா."

செபாஸ்தியம்மாள் அவருடைய மனைவி. இறந்து ஒன்பது வருடம் ஆகிறது.

"மண்டிக்காரரு சூடம் பத்த வைப்பாரு. பக்கத்துக் கடை பாய் பிஸ்மில்லா சொல்லுவாரு. நான் படி மேல சிலுவை போட்டுக்கிருவேன். அப்புறம் ஆறு அளவுக்காரனும் ஒரே நேரத்துல லாபம்னு சத்தம் குடுப்போம். மாடெல்லாம் தலையத் தூக்கிப் பாக்கும்."

இதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் நெஞ்சிலிருந்து வரும். மற்ற நேரம் தொண்டையிலிருந்துதான்.

மகள் ஜெஸ்ஸி ஜெர்மனியில் முதியோர் இல்லமொன்றில் நர்ஸ். போன வருடம் வீடு மாறினாள். புதிய வீட்டு ஜன்னலை வீடியோவில் காட்டினாள். கீழே கல் பாவிய பெரிய சதுக்கம், சுற்றிலும் உயரமான பழைய வீடுகள், நடுவில் காபிக் கடை மேசைகள்.

"இது என்னத்தா, பேட்டை மாதிரி இருக்கு?" என்றார் இவர்.

அவளுக்கு ஆச்சரியம். அந்தச் சதுக்கத்தின் பெயரே அவர்கள் மொழியில் தானியச் சந்தை என்றுதான். எழுநூறு வருடத்துக்கு முன்பு ஆரம்பித்ததாம். இப்போது ஒரு மணி தானியம் அங்கே விற்பதில்லை. "எப்படிப்பா கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டாள்.

"வண்டி திரும்புற அகலம் விட்டுக் கட்டியிருக்கான் பாரு. கதவுகளப் பாரு, மூட்டையோட ஆளு நொழையற அகலம். தண்ணி வடியக் கல்ல நடுவால சரிச்சிருக்கான். தெரியாதா எனக்கு?"

சதுக்கத்தின் மூலையில் நகராட்சி ஒரு பெரிய விளக்கப் பலகை வைத்திருக்கிறது. பக்கத்திலேயே ஒரு சிறிய அருங்காட்சியகமும் உண்டு. ஞாயிற்றுக்கிழமைதோறும் ஜெஸ்ஸி கொஞ்சம் கொஞ்சமாகப் படித்துத் தமிழில் சொல்ல ஆரம்பித்தாள். நடுவில் இவருக்குக் கேள்விகள் தோன்றும். மறந்துபோகாமலிருக்க என்னை எழுதச் சொன்னார். என்னிடம் இருந்தது அவருடைய மருத்துவ நோட்டு ஒன்றுதான். இடது பக்கத்தில் ரத்த அழுத்தம், சர்க்கரை, மலம் போனது. வலது பக்கத்தில் கேள்விகள். மாதாந்திரப் பரிசோதனைக்குப் போனபோது டாக்டர் அதைப் புரட்டிவிட்டு, "எலிக்கு என்ன செய்தார்கள் என்று போட்டிருக்கே, வீட்டில் எலியா?" என்று கேட்டார். விளக்க ஐந்து நிமிடம் ஆனது.

மழை வந்தால் மூட்டையை எங்கே ஏற்றினார்கள்? வீட்டு மாடியில். மூட்டை இழுத்த கப்பி இன்னும் ஜன்னலுக்கு மேல் தொங்குகிறது. அளவுக்காரனுக்குக் கூலி யார் கொடுப்பது? நகரம். அவன் தானிய வியாபாரம் செய்யக் கூடாது, சத்தியம் செய்துதான் வேலையில் சேர வேண்டும். படிக்கு மேல் குவித்து அளக்கும் கூம்பளவா, விளிம்போடு வழித்துவிடும் தலைதட்டி அளவா? ஓட்ஸ் என்றால் கூம்பு, கோதுமை என்றால் தலைதட்டி. எலிக் கேள்விக்குப் பலகையில் பதில் இல்லை. முதல் படிக்கு என்ன சொல்லுவார்கள் என்பதற்கும் இல்லை. அதில் அவருக்கு வருத்தம்.

"பாவம், லாபம் சொல்லாமலே அளந்திருக்கான்."

ஒரு வாரம் கொடியைப் பற்றிச் சொன்னாள். காலையில் சந்தையில் ஒரு கொடி ஏற்றுவார்களாம். அது பறக்கிற வரைக்கும் வீட்டுச் சமையலுக்கு வாங்குகிறவர்கள் மட்டும்தான் வாங்கலாம். ரொட்டிக்கடைக்காரர்களும் மொத்த வியாபாரிகளும் கொடி இறங்கும்வரை ஓரமாக நிற்க வேண்டும்.

இதைக் கேட்டு இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள், நான் கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தபோது சொன்னார். "நம்ம பேட்டை தலைகீழும்மா. மொத்தக்காரன் அள்ளிட்டுப் போன பெறகுதான் பொம்பளைக பையோட நிப்பாக. மிச்சத்தைத்தான் அளந்து போட்டேன் நானு."

இனிக் கையைப் பற்றி.

பக்கவாதம் வந்த கை தானாக மூடிக்கொள்ளும். கட்டைவிரல் முதலில் உள்ளங்கைக்குள் போகும், அதன் மேல் மற்ற நான்கும் மடங்கும். தினமும் திறக்காவிட்டால் தசை சுருங்கி அப்படியே இறுகிவிடும். உள்ளங்கை வேர்த்து நாறும், நகம் குத்திப் புண்ணாகும். வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் வைத்து, மணிக்கட்டைக் கொஞ்சம் மடக்கி, விரலை நுனியில் இழுக்காமல் அடியைப் பிடித்து மெல்ல வெளியே கொண்டுவர வேண்டும். பயிற்சியில் எங்களுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது இதுதான். பிறகு ஒரு கூடை தானியத்துக்குள் கையை விட்டு அளைய வேண்டும். அதற்காகவே அன்னக்கூடையில் ஆறேழு படி கம்பு வாங்கி வைத்திருந்தேன்.

நான்கு விரல்களைத் திறக்க விடுவார். கட்டைவிரலைத் தொட்டால் கையை இழுத்துக்கொள்வார்.

"அது கெடக்கட்டும் விடு."

வலி என்று நினைத்தேன். வலிக்கு மாத்திரை உண்டு, ஒத்தடம் உண்டு. எதற்கும் மசியவில்லை. பிசியோதெரபிக்காரர் வந்து பார்த்துவிட்டு, இன்னும் இரண்டு மூன்று மாதம் இப்படியே விட்டால் பிறகு யாராலும் திறக்க முடியாது, ஸ்பூன்கூடப் பிடிக்க முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார். மகன் கெஞ்சினார். மருமகள் அழுதார். நான் திட்டினேன். கிழவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

ஒரு மழை நாள் மதியம் மின்சாரம் இல்லை. விசிறிக்கொண்டிருந்தேன். அவராகவே பேசினார்.

"படிய எப்படிப் பிடிப்பேன்னு தெரியுமா ஒனக்கு?"

"தெரியாது."

"வெளிம்பப் பிடிக்கணும். நாலு வெரலு வெளிய. கட்டைவெரலு உள்ள. அந்த வெரலு எம்புட்டு எடம் அடைக்கும்? ஒரு கைப்பிடி கூட வராது. ஆனா படிக்குப் படி அது கொறையும். மண்டிக்கு வாங்குறப்ப விரலு வெளிய, மேல கூம்பு. சனங்களுக்கு விக்கிறப்ப விரலு உள்ள, தலைதட்டு. யாரும் சொல்லிக் குடுக்கல. கூட இருந்தவன் செஞ்சான், நானும் செஞ்சேன். இத்தனை வருசம் படிக்குள்ள போன விரலு இப்ப கைக்குள்ள போயிருச்சு. அது போக வேண்டிய எடத்துக்குத்தான் போயிருக்கு. நீ எடுக்காத."

இது நரம்புக் கோளாறு, பாவக் கணக்கு இல்லை, தப்பே செய்யாத என் அம்மாவுக்கும் இப்படித்தான் மடங்கியது என்று சொன்னேன். காதில் வாங்கவில்லை.

"எரியோட்டுல பழனியம்மான்னு ஒருத்தி" என்றார்.

அறுவடைக் காலத்தில் வண்டியில் கம்பு மூட்டை கொண்டுவருகிற வீட்டுப் பெண். சாக்கு வாயை நீல நூலால் தைத்திருப்பாள், அதுதான் அவள் அடையாளம். கோடையில் வீட்டுக்கு ஏதாவது வாங்க வந்தால் இவர் எதிரில் குத்தவைத்து உட்கார்ந்து விரலையே பார்ப்பாள். "அண்ணே, விரலு குளுருதா? உள்ள வச்சிருக்கீக" என்று எல்லார் முன்னாலும் கேட்பாள். பேட்டையே சிரிக்கும். இவர் விரலை எடுத்துவிடுவார். அவள் கண்ணை எடுத்தால் விரல் திரும்பப் போகும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு வருடம் மழை அடியோடு பொய்த்தது. அதுவரை மூட்டையோடு வந்த பழனியம்மாள், இடுப்பில் பிள்ளையோடு, கையில் மஞ்சள் பையோடு வந்தாள். காதில் தோடு இல்லை. ஐந்து படி கம்பு கேட்டாள்.

"பையை விரிச்சுப் பிடிச்சுக்கிட்டு மூஞ்சியத் தெருப் பக்கம் திருப்பிக்கிட்டா. மூட்டை எறக்குன எடத்துல பை விரிச்சு நிக்கிறோமேன்னு. என்னையப் பாக்கல. விரலப் பாக்கல. நான் அளந்தேன். லாபத்துலயும் விரல விட்டேன், அஞ்சுலயும் விட்டேன். வேணும்னு இல்லம்மா. கை அப்படித்தான் போகும். அவ பத்தடி போன பெறகுதான் எனக்கே தெரியுது."

மழை விட்டு மின்சாரம் வந்தது.

அடுத்த ஞாயிறு ஜெஸ்ஸிக்காக அவர் வைத்திருந்த கேள்வி ஒன்றுதான். நோட்டில் நான்தான் எழுதினேன்: அளக்கிறவன் கையை எங்கே வைத்தான்?

அவள் அருங்காட்சியகத்துக்கே போய்ப் படம் எடுத்து வந்திருந்தாள். மரத்தில் செய்து இரும்புப் பட்டை போட்ட பெரிய அளவுப் படி. இரண்டு பக்கமும் காது போலப் பிடி.

"இந்தக் காதைத்தான் பிடிக்கணுமாம்ப்பா. விளிம்புல கை படக் கூடாதுன்னு சட்டமாம். தலைதட்டுறதுகூடக் கையால இல்ல, ஒரு குச்சியால. மீறினா அவன் படியைச் சந்தைக்கு நடுவுல வச்சு உடைச்சுருவாங்களாம். அப்புறம் அவன் அந்தச் சந்தையில காலெடுத்து வைக்கக் கூடாதாம்."

இவர் குளிர்சாதனப் பெட்டியின் மேல் இருந்த தன் படியைத் திரும்பிப் பார்த்தார். பித்தளைப் பட்டை கட்டியது. வீட்டுச் சாவியெல்லாம் அதற்குள்தான் கிடக்கும்.

"காது எதுக்குத்தா வச்சான்?" என்று மகளிடம் கேட்டார்.

"பிடிக்கிறதுக்கு."

"வெளிம்பப் பிடிச்சா என்ன? எதுக்குச் சட்டம் போட்டான்?"

அவள் யோசித்தாள். இவருக்குத் தோள் குலுங்க ஆரம்பித்தது. நான் வலிப்பு வருகிறதோ என்று எழுந்தேன். சிரிப்பு. கண்ணில் தண்ணீர் வர வர சிரித்தார்.

"எழுநூறு வருசத்துக்கு முன்னால, பனி பெய்யிற ஊருல, அங்கயும் ஒரு சிலுவைமுத்து இருந்திருக்கான்! அவன் விரலப் பாத்துத்தான் ஊருக்காரன் காது வச்சிருக்கான்! ஏத்தா ஜெஸ்ஸி, ஒங்கப்பன் படிக்கு மட்டும் ஒருத்தனும் காது வைக்கலையே!"

அவள் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீங்களுமாப்பா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"நானுந்தான்" என்றார்.

மறுநாள் காலை வெந்நீர் ஏனத்தைக் கொண்டுபோனபோது, அவரே வலது கையை இடது கையால் தூக்கி என் முன்னால் நீட்டினார். கட்டைவிரலைத் தொட்டேன். இழுத்துக்கொள்ளவில்லை. மாதக் கணக்கில் சேர்ந்த அழுக்கு அந்த மடிப்பில் இருந்தது. கழுவினேன்.

ஒரு நிபந்தனை மட்டும் போட்டார். "இந்த விரலப் பழனியம்மாகிட்ட ஒருதடவ காட்டணும்."

உடையப்பனிடம் கேட்டோம். "நீல நூலு வச்சுச் சாக்கு தைக்கிற பழனியம்மா" என்று இவர் அடையாளம் சொல்ல, "தாத்தா, இப்ப யாரு சாக்கு தைக்கிறா?" என்று அவர் சிரித்தார். ஆனாலும் ஊரில் விசாரித்தார். உயிரோடுதான் இருந்தார் அந்த அம்மாள். கண் ஆபரேஷன் ஆனதால் பரிசோதனைக்கு மாதம் ஒருமுறை திண்டுக்கல் வருவாராம். ஆறு வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, ஆஸ்பத்திரியிலிருந்து அப்படியே அழைத்து வந்து எங்கள் வாசலில் இறக்கிவிட்டுப் போனார் உடையப்பன்.

அதற்குள் கை கம்பை அளைந்து அளைந்து கொஞ்சம் பழகியிருந்தது. மூடும், அரைகுறையாகத் திறக்கும். ஒரு பொருளை இறுக்கிப் பிடித்தால் கட்டைவிரல் உள்ளே ஓடும். அது போகப் போகத்தான் சரியாகும்.

அன்று வெள்ளைச் சட்டை கேட்டார். நாற்காலியில் உட்கார்ந்து கையைத் துண்டால் மூடிக்கொண்டார்.

"என்ன அளவுக்காரண்ணே, படுத்துட்டீகளாம்?" என்றபடி உள்ளே வந்தார் பழனியம்மாள். எழுபதைத் தாண்டிய வயது, நேரான முதுகு, கையில் மருந்துப் பை.

"உக்காந்துதானத்தா இருக்கேன். கண்ணு தெரியலையா?"

"இப்பத்தான் காட்டிட்டு வாரேன். நல்லாத் தெரியுது. ஒங்களுக்கு முடி பூராப் போயிருச்சு."

உட்கார்ந்தார். அறையை ஒரு சுற்றுப் பார்த்தார். கண் படியில் போய் நின்றது.

"அடப் பாவி மனுசா! இன்னமும் வச்சிருக்கீகளா இத? இதுல வாங்குன கம்பு வீட்டுக்குப் போறதுக்குள்ள கொறஞ்சிருக்கும். வழியில தின்னுட்டியாடின்னு எங்க மாமியா என்னைய வையும்."

சிலுவைமுத்து துண்டை விலக்கினார். "இந்த விரலுதான்."

"தெரியாதாக்கும்! பேட்டைக்கே தெரியும். நாங்க மட்டும் என்ன ஒழுங்கு? மூட்டைக்கு அடியில ரெண்டு படி மண்ணப் போட்டுத்தான் தச்சுக் கொண்டாந்தோம்."

"தெரியும்."

"தெரியுமா? பெறகு ஏன் குத்தூசிய மேலயே குத்துனீக?"

"அடியில குத்தியிருந்தா ஒங்க ஊரு வண்டி பூராவும் அடுத்த மண்டிக்குப் போயிருக்கும்ல."

இரண்டு பேரும் சிரித்தார்கள். பழனியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஆபரேஷன் செய்த கண்ணில் தண்ணீர் வரக் கூடாது, நான் பஞ்சு எடுத்துக்கொடுத்தேன்.

சிரிப்பு அடங்கியதும் இவர் சொன்னார். "அந்த மழை இல்லாத வருசம். நீ பையோட வந்த. அஞ்சு படி."

பழனியம்மாள் பஞ்சைக் கண்ணிலிருந்து எடுத்தார்.

"நீ தெருவப் பாத்துக்கிட்டு நின்ன."

"ஆமா."

"அன்னைக்கும் விட்டேன்."

"அன்னைக்குமா?"

"அஞ்சுலயும்."

நான் காபி போட உள்ளே போனேன். காபியைக் கொண்டுவந்து கொடுத்தேன். பழனியம்மாள் ஆற்றிக் குடித்தார்.

"சீனி போட்டியாத்தா?"

"இல்லைங்க."

"நல்லது."

"இடுப்புல இருந்த பிள்ளை?" என்று சிலுவைமுத்து கேட்டார்.

"அவளா? கரூர்ல இருக்கா. மகளக் கட்டிக் குடுத்துட்டா." டம்ளரைக் கீழே வைத்தார். "அந்த வருசம் எங்க மாமியா கடைசியாத்தான் கூழு குடிக்கும். பத்தலைன்னு சொல்லாது. எனக்குப் பசிக்கலைடின்னு சொல்லும்."

இவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் டம்ளரை எடுத்துக்கொண்டு நின்றேன்.

பழனியம்மாள் மருந்துப் பையிலிருந்த சொட்டு மருந்தையும் சீட்டையும் எடுத்து மடியில் கட்டிக்கொண்டார். பையை உதறினார். அன்னக்கூடையை அவர் வரும்போதே பார்த்துவிட்டார் போலிருக்கிறது.

"கம்புதான அது? அளந்து போடுங்க. அஞ்சு படி."

சிலுவைமுத்து என்னைப் பார்த்தார். நான் படியிலிருந்த சாவிகளைக் கொட்டிவிட்டுத் துடைத்துக் கொடுத்தேன். அன்னக்கூடையை இழுத்து அவர் முழங்காலுக்கு நடுவில் வைத்தேன். வலது கை விரல்களை விளிம்பில் பொருத்தி, தாங்கலாமென்று அடியில் கை வைத்தேன்.

"கையெடும்மா" என்றார். தன் இடது கையை அடியில் கொடுத்துக்கொண்டார்.

பழனியம்மாள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு, பையின் வாயை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தார். பிறகு முகத்தைத் திருப்பி, திறந்திருந்த வாசல் வழியே தெருவைப் பார்க்க ஆரம்பித்தார்.

படி கம்புக்குள் இறங்கியது. நிறைந்து மேலே வந்தது.

"லாபம்."

நெஞ்சிலிருந்து வந்த குரல். எதிர்வீட்டு நாய் எழுந்து பார்த்தது.

பாரம் ஏறியதும் நரம்பு இழுத்துக்கொண்டது. கட்டைவிரல் விளிம்பைத் தாண்டிக் கம்புக்குள் போனதை நான் பார்த்தேன். அவரும் பார்த்தார். பழனியம்மாள் பார்க்கவில்லை. தெருவில் ஒரு தண்ணீர் வண்டி போய்க்கொண்டிருந்தது.

அவர் படியைக் கூடையிலேயே கவிழ்த்தார். விரலை எடுத்துவிட்டு, மறுபடி முக்கினார்.

"லாபம்."

மறுபடி உள்ளே போனது. மறுபடி கவிழ்த்தார். நெற்றியில் வேர்த்தது. ரத்த அழுத்தம் ஏறியிருக்கும், பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

"மெதுவாப் போடுங்கண்ணே" என்றார் பழனியம்மாள், தெருவைப் பார்த்தபடியே. "எனக்குப் பஸ்ஸு மூணு மணிக்குத்தான்."

சிலுவைமுத்து படியை மடியில் சாய்த்து வைத்து, நான் சொல்லிக்கொடுத்தபடி கட்டைவிரலின் அடியை இடது கையால் பிடித்து, மெல்ல வெளியே கொண்டுவந்து, மற்ற நான்கு விரல்களுக்குப் பக்கத்தில் வைத்தார்.